ஓடைப் பாறையில் படியும் பழுப்புப் பாசி

தமிழுக்கு இலக்கணம் கண்ட முனிவர் உறைந்ததாக நம் முன்னோர் போற்றும் அகஸ்திய மலைக்கு, கேரளப் பக்கமிருந்து செல்வோர் போனக்காட்டிலிருந்து புறப்படுவது வழக்கம். வழியில் காட்டோடைகளைக் கடக்கும்போது, பாசி வழுக்கும் என்று வழிகாட்டி எச்சரிப்பார். பாசி என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பது பல குலத்துத் தாவரங்களையாம். அவற்றுள் பாறையோடு பாறையாகப் பழுப்பு நிறத்தில் ஒட்டி வாழும் ஒரு சிறு கூட்டத்தின் வரலாற்றை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1836-இல் ஹார்வி என்ற அயர்லாந்து அறிஞர் பாசிகளை நிறத்தைக்கொண்டு பச்சை, சிவப்பு, பழுப்பு என வகுத்தார். பழுப்புப் பாசிகள் கடலுக்கே உரியன என்பது பொதுவான எண்ணம். மண்டபம் கடற்கரையில் ஒதுங்கும் சர்காசம் இவ்வினத்ததே. இன்று அறியப்பட்டுள்ள ஏறத்தாழ 2,000 இனங்களுள் நன்னீரில் வாழ்வன மிகச் சிலவே.

அவற்றுள் ஒன்றை ஜெர்மானியரான பிரௌன் 1855-இல் வெளியிட்டார். 1875-இல் ஸ்வீடன் நாட்டு ஆரெஷூக், ஆற்றுக் கல்லில் படிந்த மற்றொன்றைக் கடற்பாசிப் பேரினம் ஒன்றில் சேர்த்தார். 1896-இல் பிரெஞ்சு அறிஞர் கோமோன், ஹெரிபாடியெல்லா என்ற புதிய பேரினத்தை அமைத்தார். இரண்டும் ஒன்றே என்று கொண்டு, 1930-இல் ஸ்வெடீலியஸ் அவற்றை ஒரே பெயரின்கீழ்க் கொண்டுவந்தார். ஒரு செடிக்கு உரிய பெயர் நிலைபெற ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன!

இவ்வளவு தாமதம் ஏன்? நிறம் ஏமாற்றுவதே காரணம். பழுப்பு நிறம் தரும் ஃப்யூகோசாந்தின் என்ற வண்ணப்பொருள், ஓடைக் கற்களில் வழவழப்பாகப் படரும் டயாட்டம்களிலும் உண்டு. ஆகவே மைக்ராஸ்கோப்பின் துணை வேண்டும். நெருங்கி நிற்கும் இழைகளையும், அவற்றில் தோன்றும் வித்துப்பைகளையும், அவை வெளிவிடும் இரு சமமற்ற கசையிழைகளையுடைய நீந்தும் வித்துக்களையும் கண்ட பின்னரே குலத்தைத் துணிய முடியும். பை தோன்றாத பருவத்தில் கல்லைப் பெயர்த்து வந்தவர் மீண்டும் ஓடைக்கே செல்ல வேண்டியதுதான். இக்காலத்தில் மரபணுச் சோதனையும் துணை நிற்கிறது. பழுப்புப் பாசிகளுக்கு உறவான சில பாசிகள் 1998-இல் தனி வகுப்பாகப் பிரிக்கப்பட்டன.

இவ்வாராய்ச்சியில் நம் நாட்டிற்கும் தொடர்புண்டு. இலங்கையின் நன்னீர்ப் பாசிகளைப் பற்றி 1907-இல் எழுதிய ஆங்கிலப் பேராசிரியர் ஃபிரிட்ச், 1929-இல் விரைந்தோடும் ஓடைகளின் பாறைப் பாசிகளை ஆராய்ந்து வெளியிட்டார். அவரிடம் பயின்றவர் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் எம்.ஓ.பி. அய்யங்கார். இவர் ஈர மண்ணில் வளரும் அரிய பச்சைப் பாசியொன்றைக் கண்டு, 1932-இல் ஆசிரியரின் பெயரால் ஃபிரிட்சியெல்லா என்று அழைத்தார். நீர்த்தாவரம் நிலத்தில் வேரூன்றிய விதத்தை ஆராய்வோருக்கு அது பெரிதும் பயன்பட்டது. பிறர் மிதித்துச் செல்லும் மண்ணில் அவர் அதனைக் கண்டார் என்பது கருதத்தக்கது.

பாறைப் பாசி வாழ, உருளாத கல்லும் தெளிந்த நீரும் வேண்டும். மேட்டில் காடு அழிந்தால் மண் கரைந்து வந்து கல்லை மூடும்; ஒளியின்றிப் பாசி மடியும். பெயர் பெற்ற உயிர் மறைந்தால் அதன் இழப்பையேனும் உணர்வோம். பெயரிடப்படாதது மறைந்தால், மறைந்ததையும் அறியமாட்டோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகள் தெளிவாக ஓடும் இந்நாளிலேயே, கல்லூரி மாணவர்கள் கல்லையும் இடத்தையும் பருவத்தையும் குறித்துக்கொண்டு தேடத் தொடங்குவது நலம்.