செண்டுமல்லியின் மஞ்சள்

ஆயுதபூஜைக்கு மறுநாள் பஸ், லாரி, பட்டறை எல்லாத்துலயும் தொங்கின செண்டுமல்லி மாலைகள் குப்பையில் குவிஞ்சு கிடக்கும். அதுல இருந்து சாப்பாட்டுக்குக் கலர் எடுக்கலாமேன்னு இப்போ நிறைய பேர் சொல்றாங்க. எடுக்கலாம்தான். ஆனா எதை ஊத்தி எடுக்குறோம்ங்கறதுக்குப் பின்னால ஒரு நூறு வருஷக் கதை இருக்கு.

முதல்ல ஒண்ணு. இது நம்ம ஊர்ப் பூவே இல்லை. சொந்த ஊர் மெக்சிகோ. அஸ்டெக்குகள் தங்கள் மொழியில் 'இருபது பூ' என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். ஐரோப்பியர் கப்பலேறி இங்கே வந்தது. இங்கிலீஷில் 'ஆப்பிரிக்க மேரிகோல்டு', தமிழில் 'துலுக்கச் சாமந்தி'. ரெண்டு பேருமே ஊரை மாத்திச் சொல்லிட்டாங்க :-) அமெரிக்க உணவு விதி மட்டும் கரெக்டா 'அஸ்டெக் மேரிகோல்டு' என்கிறது. அங்கே அதை நிறமியாகச் சேர்க்க அனுமதி கோழித்தீவனத்துக்கு மட்டும்தான்!

ஏன் கோழிக்கு? பூவின் மஞ்சளுக்குப் பெயர் லூட்டின். முட்டைக்கருவில் இருப்பதும் அதுதான். கோழியால் அதைத் தானாக உண்டாக்க முடியாது, தீனியில் இருந்துதான் வரணும். 1912-ல் முட்டைக்கருவில் இருந்து லூட்டினைப் பிரித்துக் காட்டியவர் ரிச்சர்டு வில்ஸ்டேட்டர். தாவர நிறமி ஆராய்ச்சிக்காக 1915-ல் நோபல் பரிசு பெற்றார்.

அவருக்கும் முன்னால் வார்சாவில் இருந்த மிகயில் ஸ்வெட், சுண்ணாம்புத்தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை ஊற்றி, பச்சையையும் மஞ்சளையும் தனித்தனி வளையமாகப் பிரித்தார். 1906-ல் அந்த முறைக்குக் குரோமட்டோகிராஃபி என்று பெயர் வைத்தார். ரஷ்ய மொழியில் 'ஸ்வெட்' என்றாலே நிறம்தான்! அவர் பயன்படுத்திய கரைப்பான்களில் பெட்ரோலியத்தில் இருந்து வந்தவையும் உண்டு.

ஆலைகளும் அந்த வழியிலேயே போயின. லூட்டின் தண்ணீரில் கரையாது, எண்ணெயோடுதான் சேரும். அதனால் பூவைப் புளிக்கவைத்து, பிழிந்து, காயவைத்து, ஹெக்சேனில் ஊறவைத்தார்கள். ஹெக்சேனும் பெட்ரோலியச் சரக்குதான். அதன் ஆவியை வருஷக்கணக்கில் சுவாசிக்கும் தொழிலாளிக்கு நரம்பு பாதிக்கும். டப்பாவில் 'இயற்கை நிறம்'னு மட்டும் போட்டிருக்கும்.

இதுக்கு மாற்றாகத்தான் பசுமை முறைகள் வந்தன. கார்பன் டை ஆக்சைடை 31 டிகிரிக்கு மேல், 74 பார் அழுத்தத்துக்கும் மேல் வைத்தால் அது வாயுவாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல் நிறத்தைக் கரைக்கும். அழுத்தத்தை விட்டால் பறந்துவிடும், மிச்சம் இருக்காது. ஆனா கருவி விலை அதிகம். இன்னொன்று, காய்ந்த இதழைச் சமையல் எண்ணெயிலேயே ஊறவைப்பது. எண்ணெயோடு அப்படியே சாப்பாட்டில் சேர்க்கலாம்.

அப்போ குப்பை மாலையை அள்ளிடலாமா? இங்கதான் எனக்கு உதைக்குது. மாலைப்பூவை யாரும் சாப்பிடப்போறதில்லைன்னு நினைச்சுத்தான் மருந்தடிக்கிறோம். பூச்சிமருந்துகள் பலவும் லூட்டின் மாதிரியே எண்ணெயில் கரைபவை. நிறம் வரும் வழியில் அதுவும் கூடவே வரும். கரைப்பான் பசுமையானதா இருந்தாலும் இதை மாத்த முடியாது.

என் கணக்கு இதுதான்: குப்பை மாலை துணிச்சாயத்துக்குப் போகட்டும். சாப்பாட்டுக்கு வேணும்னா, வயல்லயே அதுக்குன்னு மருந்தில்லாம வளர்த்து, சந்தையில் விக்காம மிஞ்சுற பூவை எடுக்கலாம். 'இயற்கை'ன்னு யாராவது சொன்னா ரெண்டு கேள்வி கேளுங்க: எதுல ஊறவெச்சீங்க? அந்தச் செடிக்கு என்ன அடிச்சீங்க?