அட்டாரா கச்சேரியின் சிவப்பு

எங்கள் தெருவில் செங்கல் வீடுகளுக்கெல்லாம் வெள்ளை பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். "நாமளும் அடிச்சா என்ன?" என்றார் வீட்டம்மா. மைசூர் ராமாபுரத்துக்காரனுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது, பெங்களூர் கப்பன் பார்க் பக்கம் இருக்கும் அட்டாரா கச்சேரி. இன்றைய கர்நாடக உயர்நீதிமன்றம்தான்.

அந்தச் சிவப்பைச் செங்கல்லின் நிறம் என்பார்கள் பலர். இல்லை. கல்லும் செங்கல்லுமாகக் கட்டி, மேலே அடித்த வர்ணம் அது. வேலை 1864-இல் ஆரம்பித்து 1868-இல் முடிந்தது. 18 இலாகாக்கள் திப்புவின் அரண்மனையிலிருந்து இங்கே குடிவந்தன. அட்டாரா என்றால் இந்துஸ்தானியில் பதினெட்டு. கட்டிய கான்டிராக்டர் நம்மவர், ஆற்காடு நாராயணசாமி முதலியார். 1873-இல் கன்டோன்மென்ட் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினாரே, அவரேதான்.

1982-இல் இதை இடிக்கப் பார்த்தார்கள். எதிர்த்துப் போட்ட வழக்கு நடந்ததும் இதே கட்டடத்துக்குள்! 1985-இல் வழக்கு தள்ளுபடியானது, ஆனாலும் கட்டடம் தப்பித்தது. சிவப்பும் மறுபடி மறுபடி பூசப்பட்டு வருகிறது. ஒருமுறை அடித்த சுவருக்கு அதுதான் விதி. அரசாங்கத்துக்குக் கட்டுப்படியாகும், நமக்கு?

செங்கல் தண்ணீரைக் குடிக்கும், வெயிலில் வெளியே விடும். நம்மூரில் பொங்கலுக்கு அடிக்கிற சுண்ணாம்பு இதைத் தடுக்காது. பிளாஸ்டிக் பெயின்ட் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். உப்புப் பூத்து, பெயின்ட் கொப்புளித்து உரியும். பனி கொட்டும் ஊரென்றால் இன்னும் மோசம், உள்ளே உறைந்த நீர் செங்கல்லின் முகத்தையே பெயர்த்துவிடும். பிடிக்கவில்லை என்று பிறகு மணலைப் பீய்ச்சிச் சுரண்டினால், சூளையில் வெந்த மேல்தோலும் சேர்ந்து போய்விடும்.