சாத்திய கதவு

பெரியபுராணத்தில் வரும் சண்டேசுவரர் கதையை நாம் அதன் முடிவிலிருந்தே ஞாபகம் வைத்திருக்கிறோம். மகன் தந்தையின் காலை வெட்டுகிறான். சிவன் தோன்றி அவனைத் தன் மகனாக ஏற்றுக்கொள்கிறான். கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பமும் அந்த முடிவைத்தான் காட்டுகிறது. அதற்கு முன்னால் நடந்ததைச் சேக்கிழார் நிதானமாகவே சொல்லியிருக்கிறார். சேய்ஞலூர்ப் பையன் விசாரசருமன் மண்ணியாற்று மணலில் லிங்கம் அமைத்து, தான் மேய்க்கும் பசுக்களின் பாலைச் சொரிகிறான். பார்த்த ஒருவன் ஊரில் போய்ச் சொல்கிறான். சபையார் தந்தை எச்சதத்தனை வரவழைத்துக் கண்டிக்கிறார்கள். இனி நடந்தால் குற்றம் தன்னுடையது என்று அவன் ஒப்புக்கொள்கிறான். மறுநாள் மரத்தில் ஒளிந்திருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்து, மகனின் முதுகில் கோலால் அடிக்கிறான். பிறகு பால் குடத்தைக் காலால் இடறுகிறான்.

இந்த வரிசை முக்கியம். முதலில் ஊர், அடுத்து தந்தை, கடைசியில் கோல். எச்சதத்தனுக்கு மகன்மேல் தனிப்பட்ட பகை ஏதும் கிடையாது. ஊர் தன் கையால் செய்யாததை அவன் கையால் செய்துகொள்கிறது. மதத் தீவிரம் என்று நாம் சொல்வது கோவிலிலோ மடத்திலோ மட்டும் இருப்பதல்ல. அது பெரும்பாலும் வீட்டின் வழியாகத்தான் வேலை செய்கிறது. வீட்டுக்குள் நடப்பதால் அதற்குக் கண்டிப்பு என்ற மரியாதையான பெயரும் கிடைத்துவிடுகிறது.

இந்தப் புராணத்தையே பிரசங்கம் செய்து பிழைத்த ஒரு குடும்பம் சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் சென்னை ஏழுகிணறு வீராசாமி பிள்ளைத் தெருவில் இருந்தது. மூத்தவர் சபாபதி பிள்ளை புராணப் பிரசங்கி. தந்தை குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டதால் 1823இல் பிறந்த தம்பி ராமலிங்கம் அவர் பொறுப்பில் வளர்ந்தார். பையனுக்குப் பாடசாலை பிடிக்கவில்லை. கந்தகோட்டத்திலேயே பொழுது போயிற்று; பிறகு வடக்கே கடற்கரையோரமாகத் திருவொற்றியூருக்கு நடக்கத் தொடங்கினார். அண்ணன் சோறும் துணியும் கொடுக்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டார். அண்ணி பாப்பாத்தி அம்மாள் ரகசியமாகச் சோறிட்டு வந்தாள். வள்ளலாரின் சரித்திரம் எழுதியவர்கள் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள்.

அவர்கள் சொல்லும் இன்னொரு சம்பவமும் உண்டு. ஒரு நாள் ஒற்றியூரிலிருந்து நேரங்கழித்துத் திரும்பிய ராமலிங்கம், கதவு சாத்தியிருந்ததால் பசியோடு திண்ணையில் படுத்துவிட்டார். வடிவுடையம்மையே அண்ணியின் உருவில் வந்து அமுதூட்டினாள் என்பது கதை. அற்புதத்தை விலக்கிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது சாத்திய கதவும் பசித்த பையனும். பின்னால் வந்த பக்தர்களுக்கு அந்தக் கதவு சங்கடமாக இருந்திருக்க வேண்டும். அம்மனைக் கொண்டுவந்து நிறுத்தினால் யார் சாத்தினார்கள் என்ற கேள்வி எழுவதில்லை. அதே ஒற்றியூரில் சமாதி கொண்ட பட்டினத்தார் கதையும் இப்படித்தான். தம்பி பிச்சை எடுப்பது குடும்பத்துக்கு அவமானம் என்று தமக்கை அப்பத்தில் விஷம் வைத்தாள். அவர் அதைக் கூரையில் செருக வீடு எரிந்தது. நாம் பழமொழியை வைத்துக்கொண்டு விஷத்தை மறந்தோம்.

ராமலிங்கம் ஒற்றியூருக்கு நடந்துகொண்டிருந்த அதே வருஷங்களில், அதே கருப்பர் நகரத்தில், இன்னொரு வாசலும் திறந்திருந்தது. ஆர்மீனியர் பெயர் திரிந்து அரண்மனைக்காரத் தெரு ஆகிவிட்ட இடத்தில் ஸ்காட்லாந்து பாதிரி ஜான் ஆண்டர்சன் 1837இல் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். இங்கிலீஷ் படிக்க மேல்ஜாதிப் பையன்கள் சேர்ந்தார்கள். 1841இல் ராஜகோபால், வேங்கடராமையா, எத்திராஜுலு என்ற மூன்று மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். உடனே பெற்றோர் மற்றப் பையன்களை நிறுத்திக்கொள்ள, பள்ளியின் பெரும்பகுதி காலியாயிற்று. வந்த மூவரும் மிஷன் வீட்டிலேயே தங்கினார்கள். மிஷனும் ஒரு வீடுதான் என்பதை மறக்கக் கூடாது. அதற்கும் ஒரு தகப்பன் இருந்தார். அங்கிருந்தும் சுலபமாகத் திரும்பிப் போக முடியாது.

இந்தப் பையன்கள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி பம்பாயில் கோர்ட்டுக்கே போயிற்று. 1839இல் தன்ஜிபாய் நௌரோஜி என்ற பார்ஸி இளைஞன் தானே முடிவு செய்யும் வயதினன் என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. 1843இல் ஸ்ரீபத் சேஷாத்ரி என்ற பிராமணச் சிறுவனை, அவன் விருப்பத்தைக் கேட்காமலே, நீதிபதி பெர்ரி தகப்பனிடம் ஒப்படைத்தார். வழக்கு அதோடு முடிந்தது, விவகாரம் முடியவில்லை. பாதிரியார் வீட்டில் இருந்தவனை ஜாதியில் சேர்க்கலாகாது என்று வைதிகர்கள் எதிர்த்தார்கள். பிராயச்சித்தம் செய்து சேர்க்கலாம் என்று நின்ற பால சாஸ்திரி ஜாம்பேகரும் தூற்றப்பட்டார். கோர்ட்டில் ஜெயித்த தகப்பன் ஊரிடம் தோற்றான். சேய்ஞலூர்ச் சபை மறுபடியும் கூடியது என்றுதான் சொல்ல வேண்டும்.

1850ஆம் வருஷத்து 21ஆம் சட்டம், மதம் மாறியவனுக்கும் ஜாதியிலிருந்து விலக்கப்பட்டவனுக்கும் சொத்துரிமை போகாது என்றது. அதை எதிர்த்துச் சென்னையிலும் கல்கத்தாவிலும் ஹிந்துக்கள் மனுக்கள் எழுதினார்கள். சட்டம் சொத்தைக் காப்பாற்றியது. முதுகைக் காப்பாற்ற அதில் எதுவும் இல்லை. அதே 1850இல் ராமலிங்கத்துக்கு அவர் விருப்பத்துக்கு மாறாக, தமக்கை மகளைக் கல்யாணம் செய்துவைத்தார்கள். அந்தப் பெண்ணின் விருப்பத்தைப் பற்றி யாரும் எழுதிவைக்கவில்லை. பையன்களுக்காவது நடந்து போக ஓர் ஒற்றியூரோ ஓர் அரண்மனைக்காரத் தெருவோ இருந்தது. பாப்பாத்தி அம்மாளுக்குப் பின்கட்டு மட்டுமே இருந்தது. உத்தரவை மீறியவள் அங்கே இருந்துகொண்டே மீறினாள்.

ராமலிங்கம் 1858இல் சென்னையை விட்டார். 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். பசித்தவர்க்குச் சோறு போடுவதே வழிபாடு என்றவர், சொந்த வீட்டில் சோறு மறுக்கப்பட்ட பையன் என்பதை நம் ஆன்மிகக் கட்டுரைகள் சேர்த்துப் பார்ப்பதில்லை.

2017 மார்ச் 16 இரவு கோயம்புத்தூரில், திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த பாரூக், கடவுள் மறுப்புக் கருத்துகளுக்காக வெட்டிக் கொல்லப்பட்டார். செய்ததாகப் பிடிபட்டவர்கள் அவர் பிறந்த மதத்தைச் சேர்ந்தவர்களே. மகன் இறந்த பின் தகப்பனார், தானும் மகனின் வழியில் நடக்கப்போவதாகப் பகிரங்கமாகச் சொன்னார். எச்சதத்தன் ஏற்றுக்கொண்ட வேலையை இந்தத் தகப்பன் ஏற்கவில்லை. வீடு கையை விரித்துவிட்டால் ஊர் தானே கத்தியோடு வர வேண்டியிருக்கிறது. அப்போது அதற்குக் கண்டிப்பு என்று பெயர் வைக்க முடியாது. கொலை வழக்கு என்றுதான் பதிய வேண்டும். மகனைக் காப்பாற்ற அது போதவில்லை. ஆனால் நடந்தது என்ன என்பதை மறைக்க இங்கே எந்த அற்புதமும் கிடைக்கவில்லை.