ஒரு துளி ரத்தத்தின் கணக்கு

ராயபுரத்துப் பெரியவர்களிடம் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டால், "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரியா?" என்று திருப்பிக் கேட்பது நெடுநாள் வழக்கம். 1782-ல் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்கு அங்கே மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி வார்த்தார்கள். 1799-ல் வைத்தியமும் தொடங்கிற்று. பசியோடு வந்தவனைக் கஞ்சி காப்பாற்றும். வாந்திபேதியோடு வந்தவனை? பிழைப்பானா மாட்டானா என்று நாடியையும் கண்ணையும் பார்த்து ஊகிப்பதைத் தவிர, அந்தக் காலத்து வைத்தியருக்கு வேறு வழி இல்லை.

ஊகம் இருந்த இடத்தில் கணக்கு வந்தது பிற்பாடுதான். 1852-ல் ஜெர்மனியில் கார்ல் வீரோர்ட் என்பவர் பூதக்கண்ணாடியின் கீழ் ரத்த அணுக்களை எண்ணிக் காட்டினார். ஒரு கன மில்லிமீட்டரில் சிவப்பணுக்கள் சுமார் 50 லட்சம்! அத்தனையையும் எண்ண முடியுமா? ரத்தத்தில் அளவாகக் கரைசல் சேர்த்து, கட்டம் போட்ட கண்ணாடியில் விட்டு, சில கட்டங்களை மட்டும் எண்ணிப் பெருக்கும் உபாயம் பின்னால் வந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

வாந்திபேதியில் உடம்பின் நீர் வடிந்து ரத்தம் குழம்பாகிவிடும். சிவப்பணுக்கள் 70 லட்சத்தையும் தாண்டும். அணு பெருகியதல்ல காரணம், நீர் வற்றியதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லெனார்ட் ரோஜர்ஸ் ரத்தத்தின் அடர்த்தியை அளந்து, அதற்கேற்ப உப்பு நீரை ரத்தக் குழாயில் ஏற்றினார். நூற்றுக்கு 60-ஐ ஒட்டியிருந்த சாவு ஏறக்குறையப் பாதியாயிற்று.

விஷ ஜுரமாகிய டைபாயிடில் பார்க்க வேண்டியது வெள்ளணு. வேறு பல கிருமிகள் தாக்கினால் அது பெருகும். இதில் பெரும்பாலும் குறையும். மூன்றாவது வாரத்தில் அது திடீரென்று ஏறினால், குடலில் ஓட்டை விழுந்ததோ என்று டாக்டர் கலங்குவார். மறைந்திருந்த இயோசினோபில் அணு மீண்டும் தலைகாட்டினால், நோயாளி கரையேறுகிறான் என்று தைரியம் சொல்வார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தாய்க்கு அந்தச் சொல்தான் ஆறுதல், மருந்து கிடையாது.

மருந்து 1948-ல் வந்தது. மலாயாவில், கோலாலம்பூரில், டைபாயிட் நோயாளிகளுக்குக் குளோரம்பெனிகாலைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஜுரம் சில நாட்களில் இறங்கியது. ஆனால் அபூர்வமாகச் சிலருக்கு அந்த மருந்தே எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து, ரத்த அணுக்களை வற்றச் செய்தது. ஆகவே நோய்க்குக் காவல் நின்ற எண்ணிக்கை, மருந்துக்கும் காவல் நிற்க வேண்டியதாயிற்று.

இன்று இயந்திரம் ஒரு நிமிஷத்தில் எண்ணிவிடுகிறது. அதை ஜோசியமாக நினைத்துவிடக் கூடாது. எண்ணிக்கை சரியாக இருந்தும் இறந்தவர் உண்டு. மோசமாக இருந்தும் எழுந்து நடந்தவர் உண்டு. படுக்கைகள் நிரம்பிய ஆஸ்பத்திரியில் யாரை முதலில் கவனிப்பது என்று அது ஒரு குறிப்புக் கொடுக்கும். 1992-ல் ஓ139 என்ற புதுக் காலராக் கிருமி இந்தியாவில் கிளம்பியபோது, அதை முதலில் கண்ட ஊர்களில் சென்னையும் ஒன்று. தண்டையார்பேட்டையில் தொற்றுநோய்க்கென்றே தனி ஆஸ்பத்திரி இருப்பது வீணுக்கல்ல. யாருக்கு ஆபத்து என்பதை ரத்தம் சொல்லும். அந்த ஆபத்து எந்தத் தெருக் குழாய் வழியாக வந்தது என்பதை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.