லீ யாருடைய சோற்றைத் தின்றார்?

தப்பான பக்கம் நின்று தோற்றவர்கள் மீது நமக்கு எப்போதும் ஒரு சாய்வு உண்டு. கர்ணன், கும்பகர்ணன் என்றால் கண்ணில் நீர் கட்டிவிடும். செஞ்சோற்றுக் கடன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதெல்லாம் மன்னிக்கப்பட்டுவிடும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலத் தளபதி ராபர்ட் லீக்கும் நூறு வருஷத்துக்கு மேலாக இந்தச் சலுகை கிடைத்துவந்தது.

அவர் பக்கம் சொல்லவும் விஷயம் இருக்கிறது. 1863இல் கெட்டிஸ்பர்க்கில் கடைசித் தாக்குதல் சிதறியபோது, திரும்பிவந்த சிப்பாய்களிடம் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். 1865 ஏப்ரலில் அப்பமாட்டக்ஸில், காட்டுக்குள் கலைந்துபோய் கெரில்லாப் போர் நடத்தலாம் என்ற யோசனை வந்தது. நாடு சீரழிந்துவிடும் என்று மறுத்து, கிராண்ட்டிடம் சரணடைந்தார். எத்தனையோ உயிர்கள் அதனால் தப்பின. இதை மறுப்பதற்கில்லை.

சரி, கடன் கணக்கையே பார்ப்போம். 1829இல் வெஸ்ட் பாயிண்ட்டில் படிப்பை முடித்த லீ, 32 வருஷம் ஒன்றிய அரசின் ராணுவத்தில் சம்பளம் வாங்கியவர். 1861 ஏப்ரலில் அந்த அரசு தன் படைக்குத் தலைமை ஏற்கக் கூப்பிட்டது. சொந்த மாநிலமான வர்ஜீனியாவுக்கு எதிராகப் போரிட முடியாது என்று ராஜினாமா செய்தார். அவருக்கு வேற வழியே இல்லை என்பார்கள். ஆனால் ஜார்ஜ் தாமஸும் வர்ஜீனியாக்காரர்தான். அவர் ஒன்றியத்தோடு நின்றார், குடும்ப உறவை இழந்தார்.

அதோடு, லீ வீட்டுச் சோற்றை ஆக்கியது யார்? அவருடைய மாமனார் 1857இல் இறந்தார். தன் அடிமைகளை ஐந்து வருஷத்துக்குள் விடுவிக்க வேண்டும் என்பது அவர் உயில். நிறைவேற்ற வேண்டிய லீயோ, கூடுதல் அவகாசம் கேட்டு நீதிமன்றம் போனார். 1859இல் தப்பியோடிப் பிடிபட்டவர்களில் ஒருவர் வெஸ்லி நாரிஸ். தனக்கு 50 கசையடி கொடுக்கவும், காயத்தில் உப்புநீர் ஊற்றவும் லீ உத்தரவிட்டதாக 1866இல் அவர் சாட்சி சொன்னார். லீ மறுத்தார். 1864இல் போர்க்கைதிகளை மாற்றிக்கொள்ளும் பேச்சு வந்தபோது, பிடிபட்ட கறுப்பினச் சிப்பாய்களில் முன்னாள் அடிமைகளைத் திருப்பித்தர முடியாது என்றார். அவர் கணக்கில் அவர்கள் சிப்பாய்கள் இல்லை, யாரோ ஒருவரின் உடைமை.

கிராண்ட் தன் நினைவுக்குறிப்புகளில் இரண்டையும் பிரித்தே பார்த்தார். எதிரி நெடுநாள் வீரத்தோடு போராடினான் என்பதை ஒப்புக்கொண்டார். அவன் போராடிய நோக்கம் மிக மோசமானவற்றில் ஒன்று என்றும் எழுதினார். நமக்கும் அந்தப் பிரிப்பு வேண்டும். சரணடைந்த விதத்துக்காக லீயை மதிக்கலாம். ஆனால் தன் சொல்லுக்கும் மண்ணுக்கும் கட்டுப்பட்டவர் என்று ஒருவரைப் புகழும்போது, அவர் யாருக்கெல்லாம் கட்டுப்படவே இல்லை என்றும் கேட்டாக வேண்டும்.

ரிச்மண்டில் 1890இல் எழுப்பப்பட்ட லீயின் சிலை 2021இல் இறக்கப்பட்டது. வரலாற்றை அழிக்கிறார்கள் என்று சிலர் கோபப்பட்டார்கள். வெஸ்லி நாரிஸின் சாட்சியமும் வரலாறுதானே. சிலை எழும்பியபோது அது அச்சாகி 24 வருஷம் ஆகியிருந்தது.