திருவாலங்காட்டு ஆதிரையும் அதன் பொருளும்

மார்கழித் திருவாதிரை கூத்தப்பெருமானுக்குரிய பெருநாளாகும். கி.பி. 7ஆம் நூற்றாண்டிலேயே திருநாவுக்கரசர் திருவாரூர் ஆதிரையைத் தனிப்பதிகத்தாற் சிறப்பித்தார்; திருஞானசம்பந்தரும் மயிலைப் பதிகத்தில் அதனை எடுத்தோதினார். ஆகலின் இவ்விழா பிற்காலத்தார் வகுத்ததன்று.

காக்களூருக்கும் திருவள்ளூருக்கும் மேற்கே, ஐம்பெருஞ் சபைகளுள் இரத்தின சபையாகிய திருவாலங்காட்டில் இந்நாள் பெரிதுங் கொண்டாடப்பெறுகின்றது. ஈண்டு ஓர் ஐயம் எழும். சம்பந்தர்க்கு முற்பட்ட காரைக்காலம்மையார் இத்தலத்து மூத்த திருப்பதிகங்களிற் பாடியது சுடுகாட்டு ஆடலையன்றோ? மங்கல விழாவிற்கு அஃது எங்ஙனம் இயையும்?

இதற்கு விடை, மெய்கண்டார் மாணவராகிய மனவாசகங்கடந்தார் அருளிய உண்மைவிளக்கத்திற் பெறப்படும். உடுக்கை படைத்தலையும், அமைத்த கரம் காத்தலையும், தீ அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும். அத்தீயில் வேவது உயிரன்று. உயிரைப் பற்றிய வல்வினையே. வினை வெந்தொழிந்த உள்ளமே இறைவன் ஆடுங் காடு என்க.

ஆலங்காட்டு ஊர்த்துவ தாண்டவத்தில் அருட்டிருவடி மேனோக்கி உயர்ந்துளது. அப்பன் ஆடும்போது அவன் அடிக்கீழ் இருத்தலையே அம்மையார் வேண்டினார். ஆகவே, திருமுழுக்குக் கண்டு களியுண்டு மீளுதலோடு அமையாது, இப்பொருளையும் உளங்கொண்டு மீள்வாரே விழாப்பயன் முற்றும் எய்தினராவர்.