நல்லெண்ணெயில் வந்த நஞ்சு

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களிலாயினும் பிற மலைநாட்டுத் தோட்டங்களிலாயினும், பெண்பிள்ளை பெரியவளானால் அவளுக்கு நல்லெண்ணெய் கொடுப்பது தமிழ்க் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். உடம்புக்கு உரமேற்றுதலே அதன் நோக்கமாகும். 1977, 1978ஆம் ஆண்டுகளில் அவ்வழக்கத்தின்மீதே பழி விழக்கூடியதொரு நிலை தோன்றிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த இருபது வரையிலான இளம்பெண்கள் நரம்பு தளர்ந்து நடை குன்றினர்.

மருத்துவ அறிஞர்களான சேனநாயக்கவும் ஜெயரத்தினமும் காரணத்தைத் தேடி, 1981இல் 'லான்செட்' இதழில் தம் முடிவை வெளியிட்டனர். குற்றம் எள்ளிலுமில்லை, வழக்கத்திலுமில்லை. எண்ணெயில் திரைகிரெசில் பொஸ்பேற்று என்னும் தொழிற்சாலை இரசாயனம் கலந்திருந்தது. முன்னர் கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றி வந்தமையால் இது நேர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

இந்நஞ்சு உலகுக்குப் புதியதன்று. 1930இல் அமெரிக்காவில் இஞ்சிச் சாராயத்தில் கலந்து பல்லாயிரவரை முடமாக்கியது. 1959இல் மொறொக்கோவில் விமான இயந்திர எண்ணெய் சமையலெண்ணெயோடு கலக்கப்பட, ஏறக்குறைய 10,000 பேர் நோயுற்றனர்.

சிறிதளவு இரசாயனம் நடையைப் பறிப்பது எங்ஙனம்? நரம்புக் கலங்களிலுள்ள ஒரு புரதத்தில் இந்நஞ்சின் பொஸ்பரசுப் பகுதி ஒட்டிக்கொள்கிறது. அப்புரதத்தை 1969இல் இங்கிலாந்தின் ஜோன்சன் இனங்கண்டார். ஒட்டியது விலகாதவாறு இறுகியபின், இரண்டொரு வாரங்களில், நீண்ட நரம்பிழைகள் நுனிப்பக்கத்திலிருந்து சிதைகின்றன. பாதம் வரை செல்பவையே மிக நீண்டவை. ஆதலாற்றான் கால்கள் முதலில் தளர்கின்றன.

புரதத்தில் பிறிதொன்று ஒட்டுவது எப்போதும் தீதன்று. உடலே அதனைச் செய்கிறது. கலங்களின் புரதங்களில் ஒற்றைச் சர்க்கரை மூலக்கூறு ஒட்டியிருப்பதை 1984இல் அமெரிக்காவில் தொரெஸும் ஹார்ட்டும் அறிவித்தனர். மூளையின் நரம்பிழைகளுக்கு உறுதி தரும் 'தௌ' என்னும் புரதத்திலும் அச்சர்க்கரை உண்டு. பட்டினியிடப்பட்ட சுண்டெலிகளின் மூளையில் அது குறைய, தௌவில் பொஸ்பேற்று மிகுந்ததை 2004இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அல்சைமர் என்னும் மறதி நோயிலும் தௌ பொஸ்பேற்று மிகுந்தே திரிபடைகின்றது.

தோட்டப் பெண்களை வருத்தியதும் முதியோரின் நினைவை அழிப்பதும் ஒரே நோயல்ல. எனினும் நரம்பின் நலம் ஒரு புரதத்தில் எது ஒட்டுகிறது, எது ஒட்டவில்லை என்பதில் தங்கியிருப்பதை இரண்டும் உணர்த்துகின்றன. மறதி நோயைத் தடுக்கும் வழியை ஆய்வுக்கூடங்கள் இன்னும் தேடுகின்றன. தோட்டப் பெண்களின் நோயைத் தடுக்கவோ, ஒரு தூய கொள்கலனே போதுமாயிருந்தது.